நம் தரமா, எங்கள் தரமா? தில்லி விளையாட்டுக் கிராமமும் மூன்று முறையீடுகளும்

எட்டாம் வகுப்புப் படித்தபோது கோ-கோ அணியில் மாவட்டப் போட்டிக்குச் சென்றேன். பாகாலாவிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். தங்குவதற்கு ஒரு பள்ளியின் வகுப்பறைகளைக் கொடுத்திருந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து எடுத்துப்போன ஜமக்காளங்களை விரித்துப் படுத்தோம். நாற்பது பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. துணைக்கு வந்திருந்த தோழி ஒருத்தியின் தாயார் ஏற்பாட்டாளரிடம் சென்று முறையிட்டார். அவர் சிரித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னார்: “மன பில்லலே கதம்மா, சர்துகுண்டாரு.” நம் பிள்ளைகள்தானே அம்மா, அனுசரித்துக்கொள்வார்கள் என்பது பொருள். அந்த அம்மா அங்கே எதுவும் பேசவில்லை. திரும்பி வரும் பேருந்தில் தமிழில் சொன்னார்: “நம்ம பிள்ளைங்கன்னா, அவரு பிள்ளை எங்க படுத்துச்சு?”

மொழியியல் படிக்கத் தொடங்கிய பிறகே அந்தக் கேள்வியின் கூர்மை எனக்குப் புரிந்தது. தெலுங்கில் ‘மன’ என்பது கேட்பவரையும் உள்ளடக்கிய ‘நம்’. ‘மா’ என்பது கேட்பவரை விலக்கிய ‘எங்கள்’. தமிழிலும் நாம், நாங்கள் என்ற இரண்டும் அவ்வாறே பிரிந்து நிற்கின்றன. நம் இலக்கண மரபு முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று அழைக்கிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாட்டைக் காட்டத் தனிச் சொல் கிடையாது. எங்கள் ஊரில் இரண்டு மொழி பேசுவோரும் ஒவ்வொரு நாளும் பலமுறை இந்தத் தேர்வைச் செய்கிறோம். யாரை உள்ளே வைக்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதைச் சொல்லாமல் எங்களால் ஒரு வாக்கியத்தையும் முடிக்க இயலாது.

2010 செப்டம்பரில் தில்லியில் நடந்த ஒரு பத்திரிகையாளர் சந்திப்பை இந்தத் தேர்வோடு வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்பதே இப்பதிவின் நோக்கம். பெரிய விளையாட்டு விழாக்களில் வீரர்களின் தங்குமிடம் போதாது என்ற எதிர்ப்பு எழுவது புதிதன்று. ஆனால் தில்லியின் விளையாட்டுக் கிராமத்தைப் பற்றி எழுந்தது ஒரு முறையீடு அன்று, மூன்று. அவற்றுள் ஒன்று சில நாட்களில் ஓர் அரசாங்கத்தையே அசைத்தது. மற்ற இரண்டும் பல ஆண்டுகள் ஒலித்தும் கட்டுமானத்தை அசைக்கவில்லை.

1. செப்டம்பர் 2010

2003 நவம்பரில் ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் நடந்த வாக்கெடுப்பில் கனடாவின் ஹாமில்டனை 46-க்கு 22 என்ற கணக்கில் வென்று தில்லி காமன்வெல்த் போட்டிகளைப் பெற்றது. போட்டிகள் 2010 அக்டோபர் 3 அன்று தொடங்கவிருந்தன. யமுனையின் கிழக்குக் கரையில், அக்ஷர்தாம் கோயிலை அடுத்து, 34 கோபுரங்களில் 1,168 அடுக்குமனை வீடுகள் எழுந்திருந்தன. தில்லி வளர்ச்சி ஆணையமும் எமார் எம்ஜிஎஃப் என்ற தனியார் நிறுவனமும் இணைந்து மேற்கொண்ட திட்டம் அது.

தொடக்க விழாவுக்கு இரண்டு வாரங்களுக்கும் குறைவான காலமே இருந்தபோது, முன்கூட்டி வந்த வெளிநாட்டு அணி நிர்வாகிகள் அறைகளைப் பார்த்துத் திகைத்தனர். அடைத்துக்கொண்ட கழிப்பறைகள், முடிவுறாத குழாய், மின் வேலைகள், அறைக்குள் நாய்களின் நடமாட்டம், மனித மலம், அடித்தளத்தில் தேங்கிய நீர், அந்த நீரால் எழுந்த டெங்கு அச்சம். காமன்வெல்த் போட்டிக் கூட்டமைப்பின் தலைவர் மைக் ஃபென்னல் இந்திய அரசின் அமைச்சரவைச் செயலாளருக்கு எழுதினார். ஸ்காட்லாந்து அணியினர் தாம் பார்த்த பகுதி மனிதர் வாழத் தகுந்ததன்று என்றனர். செப்டம்பர் 21 அன்று ஜவாஹர்லால் நேரு அரங்கின் அருகே கட்டப்பட்டுக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமுற்றனர். வட்டெறிதலில் உலக வாகையராக இருந்த ஆஸ்திரேலியாவின் டேனி சாமுவேல்ஸ் உடல்நலமும் பாதுகாப்பும் கருதி விலகினார். சில அணிகள் புறப்பாட்டைத் தள்ளி வைத்தன.

இந்தச் சூழலில்தான் ஏற்பாட்டுக் குழுவின் பொதுச்செயலாளர் லலித் பானோட் பத்திரிகையாளர்களிடம் பேசினார். தூய்மை பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு தரம் உண்டு, மேற்கத்தியரின் தரம் வேறு, நம்முடையது வேறு என்ற பொருளில் அவர் விளக்கம் அளித்தார். அது நாடெங்கும் சினத்தையும் கேலியையும் கிளப்பியது. அந்த ‘நம்’ எத்தகையது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த சில நாட்களில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். தில்லி முதலமைச்சர் ஷீலா தீட்சித் நேரடியாகக் களமிறங்கினார். பெருந்திரளான துப்புரவுப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டனர். நட்சத்திர விடுதிகளின் பணியாளர்களும் அழைக்கப்பட்டனர். மாதக்கணக்கில் முடியாதிருந்த வேலை ஒரு வாரத்தில் பெருமளவு முடிந்தது. அணிகள் வந்தன, போட்டிகள் அக்டோபர் 14 வரை நடந்தன. முறையீடு கேட்கப்பட்டால் எவ்வளவு விரைவாகத் தீர்வு கிடைக்கும் என்பதற்கு அந்த வாரமே சான்று.

2. ஆறு படுத்த இடம்

இரண்டாவது முறையீடு இதற்கு மூன்று ஆண்டுகள் முந்தையது. அது அந்த வீடுகளின் தூய்மை பற்றியதன்று. அவை நின்ற இடம் பற்றியது.

விளையாட்டுக் கிராமம் என்ற கருத்தின் வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்வது நன்று. 1932-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உருவான முதல் ஒலிம்பிக் கிராமம் ஆண்களுக்கு மட்டுமான சிறு மரக் குடில்களின் தொகுதி. பெண்கள் நகர விடுதியில் தங்கினர். போட்டி முடிந்ததும் குடில்கள் பிரித்து எடுக்கப்பட்டன. காலப்போக்கில் தற்காலிகம் நிரந்தரமாயிற்று. பதினைந்து நாள் விருந்தினருக்கென்று கட்டப்படும் வீடுகள் பிறகு விற்கப்படும் வீடுகளாயின. தில்லியின் 1,168 வீடுகளும் அத்தகையவை. எனவே எங்கே கட்டுவது என்ற கேள்வி வீரர்களின் வசதியோடு முடியவில்லை. அது நகர நிலத்தின் கேள்வியாயிற்று.

2007 ஆகஸ்டு 1 அன்று யமுனைக் கரை விவசாயிகளும் சூழலியலாளர்களும் ஆற்றங்கரையில் கூடாரமிட்டு யமுனை சத்தியாகிரகத்தைத் தொடங்கினர். ராஜஸ்தானில் நீர்நிலைகளை மீட்டெடுத்த ராஜேந்திர சிங்கும், யமுனா ஜியே அபியானின் மனோஜ் மிஸ்ராவும் அதில் முன்நின்றனர். அவர்களுடைய வாதம் எளிமையானது. இது ஆற்றின் வெள்ளப் படுகை. மழைக்காலத்தில் ஆறு விரியவும், நிலத்தடி நீர் ஊறவும் வேண்டிய இடம். இங்கே நிரந்தரக் கட்டடம் கூடாது. தலைமுறைகளாக அக்கரையில் காய்கறியும் வெள்ளரியும் தர்பூசணியும் பயிரிட்ட உழவர்களுக்கு அது பாடம் படித்துத் தெரிய வேண்டிய செய்தியன்று.

வழக்கு நீதிமன்றத்தை அடைந்தபோது அது ஒரு சொல்லின் பொருள் பற்றிய வழக்காக மாறியது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி 2005-இல் அப்பகுதியில் நிரந்தரக் குடியிருப்புகள் கூடாது என்ற நிலைப்பாட்டில் இருந்தது. பின்னர், அக்ஷர்தாமை ஒட்டிக் கரை எழுப்பப்பட்டதால் அந்நிலத்தின் இயல்பு மாறிவிட்டது என்றது. 2008 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் ஆர். கே. பச்சௌரி தலைமையில் ஒரு குழுவை அமைத்து ஆய்வு செய்யப் பணித்தது. 2009 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. விளையாட்டுக் கிராமம் நிற்கும் இடம் ஆற்றுப் படுகையும் அன்று, வெள்ளச் சமவெளியும் அன்று என்று தீர்ப்பளித்தது. முறையீட்டாளர்கள் காலந்தாழ்த்தி வந்தனர் என்பதும் அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இத்தீர்ப்பை நான் சுவர்ணமுகி ஆற்றை வைத்துத்தான் புரிந்துகொள்ள முயல்கிறேன். தேவார மரபு பொன்முகலி என்று போற்றும் அந்த ஆறு எங்கள் பாகாலாவுக்கு அருகிலுள்ள குன்றுகளில் தோன்றி, திருக்காளத்தியைக் கடந்து கடலுக்குச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான். வெளியூரார் பார்த்தால் தரிசு என்பார்கள். 2021 நவம்பர் மழையில் அந்த மணல் மீண்டும் ஆறாயிற்று. பாலங்களும் சாலைகளும் அடித்துச் செல்லப்பட்டன. படுகை என்ற சொல்லிலேயே படுத்தல் இருக்கிறது. ஆறு இன்று எங்கே ஓடுகிறது என்பதை அச்சொல் கேட்பதில்லை. அது எங்கே படுத்துப் பழகியிருக்கிறது என்பதையே கேட்கிறது. ஒரு கரையை எழுப்பிவிட்டு, இனி இது படுகையன்று என்று சொல்வது சட்டத்தில் செல்லலாம், ஆற்றிடம் செல்லாது.

2010 செப்டம்பரில் யமுனை அபாய அளவைத் தாண்டிப் பெருகியது. விளையாட்டுக் கிராமத்தின் அடித்தளத்தில் நீர் தேங்கியது. வெளிநாட்டு அணிகளின் புகார்ப் பட்டியலில் இடம்பெற்ற ஈரம், தேங்கிய நீர், கொசு ஆகிய மூன்றையும் உழவர்களின் முறையீட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று சுகாதாரக் குறைபாடாகப் பதிவாயிற்று. மற்றொன்று வளர்ச்சிக்குத் தடையாகப் பதிவாயிற்று. பேசுபொருள் ஒன்றே.

3. கட்டியவர்கள் எங்கே படுத்தார்கள்?

மூன்றாவது முறையீடு எல்லாவற்றினும் பழையது. அதைக் காண 1982-க்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு நவம்பர் 19 அன்று தில்லியில் தொடங்கிய ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக, சிரி கோட்டைப் பகுதியில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் வடிவமைத்த ஆசியாட் கிராமம் கட்டப்பட்டது. பழைய வட இந்திய நகரங்களின் சந்துகளையும் முற்றங்களையும் வாயில்களையும் நினைவூட்டும் அந்தக் குடியிருப்பு இன்றும் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடம். அதே போட்டிகளுக்கான கட்டுமானங்கள் சட்ட மாணவர்களுக்கு வேறொரு பாடமாயின.

ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா முதலிய மாநிலங்களிலிருந்து ஜமாதார்கள் எனப்பட்ட இடைத்தரகர்கள் தொழிலாளரைத் திரட்டி வந்தனர். குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் பிடித்துக்கொண்டதால் தொழிலாளியின் கைக்கு 8 ரூபாய் 25 காசே வந்தது. பெண்களுக்கு 7 ரூபாய் மட்டும். தகுந்த வசிப்பிடமும் மருத்துவ வசதியும் மறுக்கப்பட்டன. மக்கள் ஜனநாயக உரிமைகள் ஒன்றியம் மூன்று சமூக அறிவியலாளர்களின் ஆய்வறிக்கையை இணைத்து நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982 செப்டம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு கூறியது. பொதுநல வழக்கின் வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

அந்த வழக்கில் பேசப்பட்ட சட்டங்களுள் ஒன்று 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம். வேலைக் காலம் முழுவதும் தொழிலாளருக்குத் தகுந்த வசிப்பிடம் கொடுத்துப் பராமரிப்பது ஒப்பந்தக்காரரின் கடமை என்று அது விதித்தது. 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது: தற்காலிக வசிப்பிடம் இலவசமாக வேண்டும்; சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் தனித்தனி இடம் வேண்டும்; கழிப்பறை வேண்டும். ஆக, 2010-க்கு முன்பே தூய்மை பற்றிய ‘நம் தரம்’ நாடாளுமன்றத்தில் எழுதப்பட்டு நடைமுறையில் இருந்தது. அதற்கு மேற்கத்தியரிடம் செல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

2009-இல் அதே ஒன்றியம் யமுனைக் கரையின் கட்டுமானத் தளத்துக்குச் சென்று தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து, தேசியப் பெருமையின் பெயரால் என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான ஊதியம், நெருக்கியடித்த தகரக் கொட்டகைகள், போதாத கழிப்பறைகள், பாதுகாப்புக் கருவிகள் இன்மை ஆகியவை அதில் பதிவாயின. 2010 தொடக்கத்தில் தில்லி உயர் நீதிமன்றம் முன்னாள் ஐ.நா. தூதர் அருந்ததி கோஷ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவும் பணியிடங்களில் சட்ட மீறல்களையும் சுகாதாரமற்ற வசிப்பிடங்களையும் கண்டது. ஊடகங்களில் சில நாள் செய்தி ஓடியது. எந்த நாட்டு அணியும் இதற்காகப் புறப்பாட்டைத் தள்ளி வைக்கவில்லை.

ஓர் ஒப்பீட்டை இங்கே சொல்லாமல் கடக்க இயலவில்லை. 2009-இல் கட்டுமான நிறுவனம் பண நெருக்கடியில் சிக்கியபோது, தில்லி வளர்ச்சி ஆணையம் 333 வீடுகளை 700 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி அதை மீட்டது. 2011-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதைக் கடுமையாக விமர்சித்தது. வீடுகளைக் கட்டும் நிறுவனத்தின் நெருக்கடிக்குக் காலக்கெடு ஒரு நியாயமாக இருந்தது. கட்டுபவர் படுக்கும் கொட்டகையின் நெருக்கடிக்கு அதே காலக்கெடு ஒரு சாக்காக இருந்தது.

வீடிழந்தோர் தனி. 2004-இல் யமுனா புஷ்தா குடியிருப்புகள் இடிக்கப்பட்டது முதல் போட்டிகள் வரை, போட்டிகளின் விளைவாகக் குறைந்தது இரண்டு இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டதாக வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலையமைப்பு 2011-இல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை தனிப் பதிவுக்கு உரியது.

4. லேக் பிளாசிட்: இரு முறையீடுகள் ஒரே கட்டடத்தில்

இத்தகைய முறையீடுகள் எங்கும் தனித்தனியேதான் ஒலிக்குமா? ஒருமுறையாவது அவை ஒரே சுவரின் முன் சந்தித்திருக்கின்றன. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 1980 பிப்ரவரியில், லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கின்போது அது நிகழ்ந்தது.

அங்கே வீரர்களின் கிராமத்துக்குக் கூட்டரசு பணம் கொடுக்க வேண்டுமானால், போட்டிக்குப் பிறகு கட்டடத்துக்கு ஒரு பயன் காட்ட வேண்டியிருந்தது. சிறைத்துறை முன்வந்தது. ரே புரூக் என்ற இடத்தில் இளம் குற்றவாளிகளுக்கான சிறைச்சாலை கட்டப்பட்டு, அதுவே இரண்டு வாரங்கள் ஒலிம்பிக் கிராமமாயிற்று. அறைகள் சிறைக் கொட்டடிகளின் அளவில் இருந்தன. வெளிநாட்டு அணிகள் முணுமுணுத்தன. சில அணிகள் ஊருக்குள் வீடுகளை வாடகைக்கு எடுத்தன.

அதே கட்டடத்தை எதிர்த்து வேறொரு கூட்டமும் திரண்டிருந்தது. தேவாலய அமைப்புகள், சிறைச் சீர்திருத்தக்காரர்கள், குடிமை உரிமை இயக்கத்தினர் அதில் இருந்தனர். ஒலிம்பிக் சிறையை நிறுத்து என்பதே அவ்வியக்கத்தின் பெயர். பெருநகரத்தின் கறுப்பின, ஹிஸ்பானிய இளைஞர்களைக் குடும்பத்தாரிடமிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில், வெள்ளையர் மட்டுமே வாழும் மலைநாட்டில் அடைப்பதா என்பது அவர்கள் கேள்வி. சிறைக் கம்பிகளின் ஊடே நீட்டப்பட்ட ஒலிம்பிக் தீப்பந்தத்தை அவர்கள் சுவரொட்டியில் வரைந்தனர். ஒலிம்பிக் வளையங்களைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க ஒலிம்பிக் குழு அவர்களை மிரட்டியது. வழக்கு நீதிமன்றம் சென்றது, சுவரொட்டிக்காரர்களே வென்றனர்.

சுவரொட்டி வென்றது, சிறை நிற்கிறது. ஆயினும் அந்நிகழ்வில் ஒரு தெளிவு பிறந்தது. ஓர் அறை இரண்டு வாரம் தங்கும் வீரருக்குப் போதாதென்றால், ஆண்டுக்கணக்கில் அடைபடும் இளைஞருக்கு எப்படிப் போதும்? வீரர்களின் முறையீடும் கைதிகளுக்கான முறையீடும் ஒரே அளவுகோலைக் கேட்டன. தில்லியில் இந்தச் சந்திப்பு நிகழவில்லை. அணி நிர்வாகிகள் தம் கழிப்பறையைப் பார்த்தனர். வேலிக்கு அப்பால் இருந்த கொட்டகையின் கழிப்பறை அவர்கள் பட்டியலில் ஏறவில்லை.

5. ஒரு முறையீடு மட்டும் கேட்டது ஏன்?

மேற்கத்திய ஊடகங்களின் இளக்காரத்தால் வந்த விளைவு என்று சிலர் விடை கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. இந்தியா என்றாலே பாம்பும் அழுக்கும் என்ற பழைய காலனியப் பார்வை அந்தச் செய்திகளில் தலைகாட்டியது. தூய்மைப்படுத்தப்பட்ட பிறகு கிராமத்தைப் பாராட்டிய வீரர்களின் சொற்கள் அதே அளவு இடம் பெறவில்லை. ஆனால் இது மட்டுமே விடையாகாது. அந்தப் பார்வையை எதிர்க்கும் அவசரத்தில், சுட்டப்பட்ட குறை மெய்யானது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பின் தரம் குன்றும்போது அதைச் சார்ந்தோருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: விலகுதல், குரலெழுப்புதல். விலக முடிந்தவரின் குரலுக்கே வலிமை மிகுதி. ஸ்காட்லாந்து அணியால் விமானம் ஏறாமல் இருக்க முடிந்தது. அவர்கள் வராவிட்டால் விழாவே இல்லை. யமுனைக் கரை உழவருக்கு விலகுதல் என்பதே இழப்பு; அவரை விலக்குவதுதான் திட்டத்தின் தேவை. தொழிலாளி விலகினால் ஜமாதார் மறுநாளே இன்னொருவரைக் கொண்டுவருவார். ஆக, மூன்று குரல்களும் சமமாக ஒலித்தாலும் அவற்றின் பின்னால் இருந்த வலிமை சமமன்று.

காலமும் ஒரு காரணம். உழவர்கள் காலந்தாழ்த்தி வந்தனர் என்று கூறப்பட்டது. அணி நிர்வாகிகளோ போட்டிக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே வந்தனர். எவரும் அவர்களைக் காலந்தாழ்த்தியவர்கள் என்று சொல்லவில்லை. காலந்தாழ்த்தல் நாட்காட்டியில் மட்டும் இல்லை. யார் வருகிறார் என்பதிலும் இருக்கிறது.

6. அந்த ‘நம்’

இப்போது பானோட்டின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். மேற்கத்தியரின் தரம் வேறு, நம்முடையது வேறு. ஆங்கிலத்தில் அவர் பேசியதால் தேர்வு செய்ய வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. தமிழிலோ தெலுங்கிலோ மொழிபெயர்ப்பவருக்கு அந்த நெருக்கடி உண்டு. ‘எங்கள் தரம் வேறு’ என்று மொழிபெயர்த்தால், அயலாரை நோக்கி இந்தியர் சார்பாகப் பேசும் வாக்கியம் அது. ‘நம் தரம் வேறு’ என்றால், கேட்டுக்கொண்டிருக்கும் இந்தியரையும் சேர்த்துக்கொண்டு, உங்களுக்கும் இது போதும்தானே என்று சொல்லும் வாக்கியம்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும் வாக்கியம் பொய்க்கிறது. ‘எங்கள்’ என்று கொண்டால், அந்த எங்களுக்குள் யார் இருக்கிறார்? செப்டம்பர் இறுதியில் அதே கிராமத்துக்கு வந்த இந்தியக் குத்துச்சண்டை வீரர் அகில் குமார் தம் கட்டிலில் அமர்ந்தபோது அது முறிந்து விழுந்தது. அவர் அதைத் தம் தரமாக ஏற்றுக்கொள்ளவில்லை, வெளிப்படையாகவே குறை கூறினார். ‘நம்’ என்று கொண்டால், சினந்து எழுந்த இந்தியப் பொதுமக்களே அதை மறுத்துவிட்டனர். எஞ்சுவோர் தகரக் கொட்டகைத் தொழிலாளர்கள். அவர்களும் தம் தரம் இதுவன்று என்று 1982-லும் 2009-லும் பிறர் வாயிலாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தரம் எவருடையதும் அன்று. பிறரைப் படுக்க வைக்கும் இடத்துக்கு மட்டும் எடுத்து நீட்டப்படும் அளவுகோல் அது.

‘அவரு பிள்ளை எங்க படுத்துச்சு’ என்ற கேள்வியை நான் ஒரு சோதனையாகவே பயன்படுத்துகிறேன். தங்குமிடம் பற்றி எவரேனும் ‘நாம்’ என்று பேசும்போதெல்லாம், அவர் அந்த அறையில் படுப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம். ஆம் என்றால் அது உளப்பாடு. இல்லையென்றால் அது உளப்பாட்டின் உருவில் வந்த கட்டளை. எங்கள் ஏற்பாட்டாளரின் ‘மன பில்லலு’ இரண்டாவது வகை. வீரர்களை நோக்கியும் தொழிலாளரை நோக்கியும் சொல்லப்படும் தேசியப் பெருமையின் ‘நாம்’ பெரும்பாலும் இந்த வகைதான். இந்தியாவின் பள்ளி, மாநில அளவிலான போட்டிகளில் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், எங்கே உண்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் கபடி விளையாட வந்த சிறுமியருக்கான உணவு கழிப்பறையில் வைக்கப்பட்ட காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே விமானம் ஏற மறுக்க எவரும் இல்லை. காணொளி ஒன்றே அவர்களின் ஆயுதமாயிற்று.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2030 காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் உரிமை 2025 நவம்பரில் அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டுவிட்டது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா முயன்றுவருகிறது. மீண்டும் ஒரு கிராமம் எழும். அதற்கு ஒரு நிலம் வேண்டும், அந்நிலத்தில் இன்று சிலர் இருப்பார்கள். அதைக் கட்டச் சில ஆயிரம் பேர் வேற்று மாநிலங்களிலிருந்து வருவார்கள், ஆண்டுக்கணக்கில் அங்கே படுப்பார்கள். இறுதியில் வீரர்கள் வந்து பதினைந்து நாள் தங்குவார்கள். வரிசை மாறாது. மாற்றக்கூடியது ஒன்றே: மூன்று முறையீடுகளையும் ஒரே கோப்பில் வைத்துப் படிப்பது. வீரர்களின் அறையை ஆய்வு செய்யச் செல்லும் குழு தொழிலாளரின் கொட்டகையையும் அதே நாளில், அதே படிவத்தில் ஆய்வு செய்ய வேண்டும் என்று விதித்தால் போதும். ஆய்வு மாணவர்கள் இப்போதே நிலப் பதிவுகளையும் ஒப்பந்த ஆவணங்களையும் தொழிலாளரின் வாய்மொழிகளையும் சேகரிக்கத் தொடங்கலாம். 2010-க்கு நாம் காலந்தாழ்த்தித்தான் வந்தோம். 2030-க்கு இன்னும் காலம் இருக்கிறது.

மொழியியல் மாணவியாக ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். இந்தியிலும் ஆங்கிலத்திலும் இல்லாத அந்த வேறுபாடு குஜராத்தியில் உண்டு. கேட்பவரைச் சேர்த்தால் ‘ஆபணே’, விலக்கினால் ‘அமே’. அகமதாபாத்தில் அந்த வீடுகளைப் பற்றிப் பேசப்போகிறவர்கள் குஜராத்தியில் பேசினால், யாரைச் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பதை மறைக்க முடியாது.